நாஃப்ளியோ புத்தகத்தில் பென்சில் எழுத்து

இது நடந்தது. எனக்கு நடந்தது. போன நவம்பரில், சில்க்போர்க்கில், நான் சமைக்கிற என் சொந்தக் குசினியில். "வேலைக் களைப்பு", "தனிய இருந்தா அப்பிடித்தான்" என்று சொன்னவர்களை நிறையக் கேட்டுவிட்டேன். அவர்கள் இதை வாசிக்க வேண்டாம். பயமுறுத்த நான் எழுதவில்லை. ஆத்திரத்தில் எழுதுகிறேன்.

என் பெயர் சாரங்கி. வயது முப்பத்து நான்கு. முதியோர் இல்லத்தில் வேலை. பிரான்சில் வளர்ந்தவள் நான். டென்மார்க்குக்கு வந்து மூன்று வருடம்தான். அதனால் இங்கிருக்கிற தமிழாக்களின் பழைய கதைகள் ஒன்றும் எனக்குத் தெரியாது. அதுதான் அவர்களுக்கு வசதியாகப் போயிற்று.

என் அண்ணை குலேந்திரன் எனக்கு ஒரு சம்பந்தம் பேசினார். எஸ்பியர்க்கில் இருக்கும் ரஜிதன். நல்ல உத்தியோகம், அமைதியான ஆள். ஒருமுறை கலியாணம் செய்தவர்.

"முதல் மனிசி எங்க?" என்று அண்ணையிடம் கேட்டேன்.

"அவ போட்டா" என்றார்.

விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்று நான் எடுத்துக்கொண்டேன். யார்தான் வேறு விதமாக எடுப்பார்கள்?

டிசம்பர் இருபதாம் திகதி கலியாணப் பதிவு. இரண்டு நாள் கழித்துக் கிரேக்கத்துக்குப் பயணம். நாஃப்ளியோ என்ற பழைய நகரம். அதைத் தேர்ந்தெடுத்தது ரஜிதன்தான்.

"நீங்க முந்திப் போயிருக்கிறீங்களோ?"

"இல்லை. படத்தில பார்த்தனான். வடிவான இடம்."

நான் நூலகத்துக்குப் போய், அந்த நகரத்தில் எங்கே சாப்பிடலாம், எதைக் குடிக்கலாம், எதைப் பார்க்கலாம் என்று சொல்லும் டேனிஷ் வழிகாட்டிப் புத்தகம் ஒன்றை எடுத்து வந்தேன்.

புதன்கிழமை. பின்னேரம் நாலு இருபது. வெளியே ஏற்கெனவே இருட்டு. தேத்தண்ணியோடு குசினி மேசையில் இருந்து புத்தகத்தை விரித்தேன். பதினாலாம் பக்கம், துறைமுகத்துச் சாப்பாட்டுக் கடைகள். ஓரத்தில் பென்சிலால் யாரோ எழுதியிருந்தார்கள்.

தமிழில்.

"துறைமுகத்தோட வரிசையா இருக்கிற கடைகளில சாப்பிடாதை. கடல் பார்க்கிறதுக்குத்தான் காசு. பின்னால மூண்டாவது ஒழுங்கைக்குப் போ. நீலக் கதவு. கணவாய் கேள்."

எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த ஊரில் எனக்கு முன்னால் ஒரு தமிழ்ப் பொம்பிளை இதே புத்தகத்தை எடுத்திருக்கிறாள்! பக்கம் பக்கமாகத் தேடினேன். இன்னும் ஒன்று இருந்தது. "பெரிய சதுக்கத்தில நிலம் முழுக்கச் சலவைக்கல். மழை பெய்தா வழுக்கும். குதிச் சப்பாத்துப் போடாதை."

வேறு ஒன்றும் இல்லை. கடைசிப் பக்கம் வரை பார்த்தேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வேறு ஒன்றும் இருக்கவில்லை.

மறுநாள் வியாழன். நாலு முப்பத்தைந்து. புத்தகம் மேசையில் மூடிக் கிடந்தது. நான் குழாயடியில் அரிசி கழுவிக்கொண்டிருந்தேன்.

சர்... சர்... சர்...

எலி என்று நினைத்தேன். தண்ணீரை நிறுத்தினேன். சத்தமும் நின்றது.

கையைத் துடைத்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். முதல் நாள் வெறுமையாக இருந்த பதினெட்டாம் பக்கத்தில் எழுத்து.

"ஊசோ எண்ட சாராயத்துக்குத் தண்ணி விட்டா பால் மாதிரி வெள்ளையாகும். பார்க்க வடிவு. நீ ஒண்டோட நிப்பாட்டு. அவர் நாலாவது கேட்பார். அதுக்குப் பிறகு அவரோட கதைக்காதை."

அவர். எந்த அவர்?

அடுத்த பக்கம். "கடலுக்கு நடுவில சின்னக் கோட்டை. வள்ளத்தில போகலாம். அங்க போ, தங்கச்சி. அங்க எப்பவும் ஆக்கள் இருப்பினம்."

தங்கச்சி...

முதலில் எனக்கு வந்தது பயம் இல்லை, கோபம். யாரோ என்னோடு விளையாடுகிறார்கள். என்னைத் தவிர என் வீட்டுத் திறப்பு, அதாவது சாவி, அண்ணையிடம் மட்டும்தான் இருந்தது. அவருக்கு டெலிபோன் எடுத்துக் கேட்டேன்.

"எனக்கு வேற வேலையில்லையே?" என்று ஏசிவிட்டு வைத்துவிட்டார்.

அன்று புத்தகத்தை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். திறப்பு என் கைப்பைக்குள்.

வெள்ளி. ஐந்து பன்னிரண்டு. அலுமாரியைத் திறந்தேன். புத்தகத்தை மேசையில் வைத்தேன். அது தானாக விரியவில்லை. நான்தான் விரித்தேன். முப்பத்தோராம் பக்கம். மலைமேல் இருக்கும் பெரிய கோட்டை. ஆயிரத்துக்கு ஒரு படி குறைவு என்று போட்டிருந்தது. படத்தைச் சுற்றி நாலு ஓரமும் பென்சில்.

"படியில ஏறேக்க சிரிச்சுக் கதைப்பார். மேல மதிலில கம்பி இல்லாத ஒரு இடம் தேடுவார். படம் எடுக்கிறன், பின்னால போ எண்டுவார்."

அதன் கீழே,

"இன்னும் ஒரு அடி எண்டுவார்."

அதன் கீழே,

"இன்னும் ஒரு அடி."

டெலிபோன் அடித்தது.

ரஜிதன். ஒலிபெருக்கியில் போட்டேன்.

"என்ன செய்யிறீர்?"

"நாஃப்ளியோ பற்றி வாசிக்கிறன்."

"நல்லது. மலைக் கோட்டையில உம்மை வைச்சு ஒரு படம் எடுக்கோணும். சூரியன் படேக்க."

முப்பத்தோராம் பக்கத்தைத் திரும்பப் பார்த்தேன்.

"ரஜி... உண்மையாச் சொல்லுங்கோ. நீங்க அங்க முந்திப் போனனீங்களோ?"

"இல்லை எண்டு சொன்னனானெல்லே."

சர்...

என் கண் முன்னால்.

பென்சில் இல்லை. கை இல்லை.

கோடு மட்டும் வந்தது.

சர்... சர்...

பொய்.

தாள் கிழியும்படி அழுத்தி. பொய். பொய். பொய்...

நேரம் ஐந்து பதினேழு.

மேலங்கி போடாமல் காருக்கு ஓடினேன். பத்து நிமிடத்தில் அண்ணை வீடு. கதவைத் திறந்தவரிடம் ஒன்றுதான் கேட்டேன்.

"ரஜிதன்ரை முதல் மனிசி எங்க?"

அண்ணை நிலத்தைப் பார்த்தார். "உள்ளுக்கு வா, பிள்ளை."

"எங்க எண்டு கேக்கிறன்!"

"செத்துப் போட்டா. நாலு வருசமாச்சு. றொஷானி எண்டு பேர். கிரீசில, அந்த நாஃப்ளியோவில, மலைக் கோட்டை மதிலால தவறி விழுந்திட்டா. விபத்து எண்டுதான் பொலிஸ் எழுதினது."

"உங்களுக்குத் தெரியும்."

"எல்லாருக்கும் தெரியும். பாவம் பெடியன், அதைக் கிளறக்கூடாதெண்டு..."

"என்னட்டை விட்டிட்டுப் போட்டா எண்டு சொன்னீங்கள்!"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை. போட்டா எண்டுதான் சொன்னனான்."

அந்தக் கணம் பேயை மறந்துவிட்டேன். உயிரோடு என் முன்னால் நின்ற இந்த மனுசனைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது. சொந்த அண்ணை. அதே ஊர், அதே கோட்டை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நாங்கள் விமான ரிக்கற் எடுத்ததும் தெரியும். பொருத்தம் நல்லாயிருக்கு என்று இருந்துவிட்டார்.

ரஜிதன் தள்ளினார் என்று நான் சொல்லவில்லை. நான் பார்க்கவில்லை. ஆனால் போகவே இல்லை என்று ஏன் இரண்டு தரம் பொய் சொன்னார்? அதைக் கேட்டு ஒரு செய்தி அனுப்பினேன். பதில் வரவில்லை. இன்று வரைக்கும் இல்லை. கலியாணத்தை நிறுத்தினேன். "புத்தகத்துக்குப் பயந்து மாப்பிளையை விட்டவள்" என்று ஊர் சிரித்தது. சிரிக்கட்டும். அந்தப் பிள்ளை செத்தபோது வாய் திறக்காத ஊர்தானே.

திங்கட்கிழமை புத்தகத்தை நூலகத்துக்குக் கொண்டு போனேன். இதை எனக்கு முன் எடுத்தவர் யார் என்று கேட்டேன். அங்கே வேலை செய்யும் பெண் கணினியைப் பார்த்தாள்.

"ஒருவரும் இல்லை. இது புதுப் பதிப்பு. இந்த வருடம்தான் அச்சிட்டது. நீங்கள்தான் முதல் ஆள்."

பிறகு முப்பத்தோராம் பக்கத்தைக் கண்டு முகம் சுளித்தாள். அழிறப்பர் எடுத்தாள்.

"அழிக்காதே!"

நான் கத்தியதில் நூலகமே திரும்பிப் பார்த்தது. ஒரு பொம்பிளை தன் கதையைச் சொல்ல அவளுக்குக் கிடைத்தது அந்தப் பக்கத்தின் ஓரம் மட்டும்தான். அதையும் துடைப்பதா? அவள் பயந்து கையை எடுத்துவிட்டாள். புத்தகத்துக்கு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது.

இந்த ஏப்ரலில் கேள்விப்பட்டேன். ரஜிதனுக்கு அல்பர்ட்ஸ்லுண்டில் இன்னொரு பெண் பேசி முடித்துவிட்டார்களாம். சாருஜா. இருபத்தெட்டு வயது. எனக்குச் செய்ததை அவளுக்கும் செய்ய விடமாட்டேன். நம்பர் தேடிப் பிடித்தேன். ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து ஐந்துக்கு எடுத்தேன். அவளோடு நான் கதைத்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"தங்கச்சி, என்னை உமக்குத் தெரியாது. ரஜிதனைப் பற்றி..."

"தெரியும் அக்கா" என்றாள். இங்கே பிறந்த பிள்ளை. தமிழைத் தேடித் தேடிக் கதைத்தாள். "கலியாணம் வேண்டாம் எண்டு அப்பாட்டைச் சொல்லிப்போட்டன். நீங்கள் நேற்றுச் சொன்ன உடனேயே."

"நேற்றோ?"

"ஓம். எனக்கு முதல் அவரோட இருந்த ஆள் எண்டு சொன்னீங்களே. எங்கையோ உயரத்தில நிக்கிறன் எண்டீங்கள். எனக்குச் சரியாக் கேக்கேல்லை, அவ்வளவு காத்து. இண்டைக்குக் காத்துச் சத்தம் இல்லை..."

பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"இப்ப கீழ இறங்கிட்டீங்களோ, அக்கா?"