அக்காவின் ஷிப்ட்

நாங்கள் குடியேறிய வெளிநாட்டில், விமான நிலையத்தை ஒட்டிய மங்கரே என்ற இடத்துச் சரக்குக் கிடங்கை விட்டு நடந்துகொண்டிருந்தேன். பெட்டி தூக்கி அலுத்துவிட்டது, வேலையை விட்டேன், அவ்வளவுதான். பாதி வழியில் அக்காவின் போன் வந்தது.

"டேய், பள்ளிக்கூடத்தில எடுத்திட்டாங்கள். நாளைக்கே வரட்டாம்."

அக்கா யாழ்ப்பாணத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். அங்கே வாங்கிய பட்டம் இந்த நாட்டில் செல்லாததால் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையற்கூடத்தில் தட்டு அடுக்கினாள். இப்போது ஆசிரியர் தட்டுப்பாடு முற்றி, விதிகளைத் தளர்த்தி, அவளைப் போன்றவர்களுக்குத் தற்காலிக அனுமதி கொடுத்தார்கள்.

"பிறகென்ன, போக வேண்டியதுதானே."

"எப்பிடிப் போறது? காலமை எனக்கு ஷிப்ட் இருக்கு."

அந்தச் சமையற்கூடத்தில் எங்கள் ஆட்களுக்குள் ஒரு வழக்கம். விலகுகிறவர் தன் இடத்துக்கு ஓர் ஆளைக் கொண்டுவந்து விட்டுத்தான் போக வேண்டும். அக்காவையும் அப்படித்தான் ஒருத்தி கொண்டுவந்து சேர்த்திருந்தாள். ஆள் விடாமல் போனால் அடுத்து வரும் தமிழரை அங்கே யாரும் நம்பமாட்டார்கள் என்பது அக்காவின் கவலை. பள்ளிக்கூடமோ நாளைக்கு அவள் வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துவிடும்.

"நான் இப்பதான் வேலையை விட்டிட்டு நடக்கிறன்."

"திரும்பவுமா? மூதேவி!" என்று கத்தியவள் உடனே குரலை இறக்கினாள். "நீ வருவியோ? மேற்பார்வைக்காரிக்கு இப்பவே சொல்லிவிடுறன்."

"எட்டாம் வகுப்புப் படிச்சது காணுமோ?"

"ஓம், அங்க அது போதும். விதியை இன்னும் கொஞ்சம் இறக்கினாங்களெண்டா உன்னையும் டீச்சராக்குறன்."

மறுநாள் காலை அவள் கணக்குப் பாடம் எடுக்கப் போனாள். நான் வலைத்தொப்பி போட்டுக்கொண்டு, அவள் நின்ற இடத்தில் நின்று தட்டுக்கு ஒரு பன்னாக வைக்கத் தொடங்கினேன்.