மகளிடம் பேசாதிருந்தவர்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பது அவர் வேலை. வட்டமாக வரும் லென்ஸை ஃபிரேமுக்கு ஏற்றபடி வெட்டி, ஓரத்தைச் சக்கரத்தில் வைத்துத் தேய்த்து, நூலிழை பிசகாமல் பொருத்த வேண்டும். வாடிக்கையாளர்களிடம் பேசுவதெல்லாம் முன்னால் நிற்கும் முதலாளியின் பாடு. பின்னறைக்கு வாயே தேவையில்லை. அதற்காகத்தான் அந்த வேலைக்கு வந்தார். அவருக்குச் சின்ன வயதிலிருந்தே பேச்சு திக்கும். கடையில் எல்லோரும் அவரை ‘சைலன்சர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவரும் சிரித்து வைப்பார்.

பள்ளிக்கூடத்தில் பெயரைச் சொல்ல எழுந்து நின்று, முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டு, மிச்சப் பெயரை வகுப்பே சேர்ந்து கத்தி முடித்ததை அவர் மறக்கவே இல்லை.

மகள் பிறந்த மூன்றாம் நாள் அவருடைய அக்கா குழந்தையைப் பார்க்க வந்தாள். தொட்டிலைக் குனிந்து பார்த்தபடியே, “தம்பி, குழந்தைங்க காதுல விழறதத்தான் பிடிச்சுக்கும். நீ கொஞ்சம் பாத்துப் பேசு,” என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அவர் அதை அப்படியே மனதில் ஏற்றிக்கொண்டார். மகள் காது கேட்கும் தூரத்தில் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தார்.

மற்ற எதிலும் குறை வைக்கவில்லை. துணி அலசினார், பால் ஆற்றினார், தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். குழந்தை அவர் முகத்தைப் பார்த்து ‘ங்கா’ என்றால் மட்டும் சட்டென்று மனைவியிடம் கொடுத்துவிடுவார். மனைவி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். “பாத்துக்கலாம்” என்பதுபோலக் கையை ஆட்டுவார்.

இரண்டரை வயதாகியும் மகளுக்கு நாலைந்து வார்த்தைகளுக்கு மேல் வரவில்லை. ‘அப்பா’ அதில் இல்லை. அவர் தூக்கினால் கட்டைபோல விறைத்துக்கொள்வாள். ஒருநாள் வாசற்படியில் தடுக்கி விழுந்து முழங்காலில் ரத்தம் வந்தது. இரண்டடி தள்ளித்தான் அவர் நின்றிருந்தார். கையை நீட்டினார். அவள் அவரைத் தாண்டி, அழுதுகொண்டே சமையலறைக்கு ஓடினாள். நீட்டிய கையோடு அவர் அங்கேயே நின்றார்.

அந்த வாரமே மூவரும் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தரும் அம்மாவிடம் போனார்கள். காது, நாக்கு எல்லாம் சோதித்துவிட்டு அந்த அம்மா கேட்டார்: “வீட்ல அப்பா இவகிட்ட என்னவெல்லாம் பேசுவாரு?”

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். அவரே வாய் திறந்தார். “நா... நான்... பே... பேசறதில்லீங்க.” காரணத்தைச் சொல்லி முடிக்க நெடுநேரம் ஆனது. அந்த அம்மா குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

“திக்கறது சளி மாதிரி ஒட்டிக்காதுங்க. கேட்டுக் கேட்டு வராது. சில குடும்பத்துல ரத்தத்துல வரும், அத நீங்க வாய மூடித் தடுக்க முடியாது. பேச்சு தாமதமானதுக்கு நீங்கதான் காரணம்னு நான் சொல்லல. ஆனா அவ உங்க மூஞ்சியப் பாக்கறப்ப எல்லாம் நீங்க திரும்பிக்கிறீங்க. அவ என்னன்னு நினைப்பா?”

பஸ்ஸில் வரும்போது அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

சாயங்காலம் மகளைக் குளிப்பாட்டினார். ஈரத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவள் கையில் சோப்பைத் தேய்த்தபடி, “இ... இது... க... க... கை,” என்றார். அவள் அவருடைய உதட்டையே உற்றுப் பார்த்தாள். சிரிப்பாள் என்று அவர் காத்திருந்தார். அவள் இன்னொரு கையையும் நீட்டினாள்.

அன்றிலிருந்து குளியல் நேரம் அவர்களுடையது. கொஞ்ச நாளில் கரண்டி, செருப்பு, சீப்பு என்று எதையாவது தூக்கிக்கொண்டு வந்து அவர் மடியில் போட்டு வாயைப் பார்ப்பாள். நாலு மாதம் கழித்து, வேலை முடிந்து வந்தவரைக் கதவருகில் பார்த்து “ப்பா” என்றாள். அவர் செருப்பைக் கழற்றாமலே உட்கார்ந்துவிட்டார். மூன்றரை வயதில் அவள் வாய் ஓயவே இல்லை. “சைலன்சர் கழண்ட வண்டிங்க இது,” என்று மனைவி சிரித்தாள்.

நாலு வயது முடிந்த சமயம், ஒரு காலை சாப்பாட்டின்போது மகள், “அப்பா, எ... எ... எனக்கு த... தண்ணி,” என்றாள். அவர் கை அப்படியே நின்றது. தண்ணீரை ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனார். மனைவி பின்னாலேயே வந்தாள்.

“ஏங்க, நீங்க பேசினதால இல்லைங்க. அந்தம்மாதான் சொன்னாங்களே.”

“ர... ரத்தம் எ... என்னோடதுதானே,” என்றார்.

விஷயம் காதுக்கு எட்டியதும் அக்கா வந்தாள். “நான் அப்பவே சொன்னேன்ல?” என்றாள். அக்காவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிராதவர் அன்று பேசினார். “அக்கா, நா... நான் பே... பேசாம இருந்தப்ப அவ எங்கிட்ட வ... வரவே இல்ல. அதுக்கு இ... இது மேல்.”

மறுபடியும் அதே அம்மாவிடம் போனார்கள். “நிறைய பிள்ளைங்களுக்குத் தானா சரியாயிடும், சிலருக்கு ஆகாது. அவசரப்படுத்தாதீங்க, வார்த்தைய நீங்க எடுத்துக் கொடுக்காதீங்க,” என்றார் அந்த அம்மா. அவருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மகள் மாட்டிக்கொண்டால் கைவேலையை நிறுத்திவிட்டு, அவள் உயரத்துக்குக் குனிந்து, உலகத்தில் வேறு வேலையே இல்லாதவர்போல இருப்பார்.

ஒருநாள் அவளே கேட்டாள்: “அப்பா, பேச்சு மா... மாட்டிக்கிட்டா உனக்கு வலிக்குமா?”

“மா... மாட்டிக்கிட்டா வலிக்காது. யா... யாராவது சிரிச்சா வலிக்கும்.”

“நான் சிரிச்சதே இல்லையே.”

“தெ... தெரியும்மா.”

இப்போது அவளுக்குப் பதினொரு வயது. திக்கல் முழுசாகப் போகவில்லை. கோபம் வந்தாலும் குஷி வந்தாலும் எட்டிப் பார்க்கும். அதற்காக அவள் பேச்சை நிறுத்துவதில்லை. எந்தச் சண்டையானாலும், எந்த மார்க் குறைந்தாலும், முதலில் அப்பாவிடம்தான் வந்து கொட்டுகிறாள்.

பேச்சில்லாமல் போன அந்த இரண்டரை வருஷம் அவளுக்கு நினைவில் இல்லை. அவருக்கு இருக்கிறது. அதைப் பற்றி மட்டும் அவர் இன்னும் யாரிடமும் பேசுவதில்லை.