கடலையைச் சோதிக்க ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒரு நாள்

போய் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. அன்றைக்கே எழுத உட்கார்ந்திருந்தால் பாதி அழுகையாக இருந்திருக்கும், தாமதமானதும் நல்லதுதான். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போவதைப் பயணம் என்று சொன்னால் எங்கள் ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். மொத்தம் பன்னிரண்டு கிலோமீட்டர். கோவிலுக்கும் பால்கோவாவுக்கும் போகிற வழியை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். வீட்டுக் கடலையைச் சோதனைக்கூடத்துக்கு எடுத்துப் போகிற வழியை நான் தேடியபோது எங்குமே கிடைக்கவில்லை. என்னைப் போல இன்னொரு அம்மா தேடினால் கிடைக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

என் மகன் மகிழனுக்குப் பதினோரு மாதம். இரண்டு மாதமாக எடை ஏறவே இல்லை. அவன் சாப்பிடுவதில் முக்கியமானது சத்துமாவுக் கஞ்சி. அதை அரைத்துக் கொடுப்பவர் என் மாமியாரின் தங்கை, நான் சின்னத்தை என்று கூப்பிடுவேன். மகாராஜபுரத்தில் தனியாக இருக்கிறார், ஒன்றரை ஏக்கரில் நிலக்கடலை போடுகிறார், மாவில் சேர்ப்பதும் அதைத்தான். போன தடவை அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது கடலைச் சாக்கை அவிழ்த்தார். குப்பென்று ஒரு பூசண வாடை. காயப்போட்ட நேரத்தில் மழை பிடித்துக்கொண்டதாம். மாவை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிவிட்டேன். ஆனால் அந்த வாடை என் மூக்கை விட்டுப் போகவில்லை.

குழந்தைகள் மருத்துவரிடம் அதையும் சொன்னேன். எடைக்கு வேறு பல காரணங்கள் இருக்கலாம் என்று இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். "கடலை மேல சந்தேகம்னா சோதிச்சுப் பாத்துருங்கம்மா. அதுவரைக்கும் மாவை நிறுத்திருங்க" என்றார்.

நான் வேதியியல் பட்டதாரி. ஈரத்தில் கிடந்த கடலையில் ஒரு பூஞ்சை வளரும், அது அஃப்ளடாக்சின் என்ற நச்சை விடும், வறுத்தாலும் அது முழுதாகப் போகாது, நாளாவட்டத்தில் கல்லீரலைக் கெடுக்கும் என்பதெல்லாம் பாடத்தில் படித்தது. படித்தவளுக்குப் பயம் இரண்டு மடங்கு. வீட்டுக்கு வந்ததும் டின்னில் மிச்சமிருந்த மாவைக் கொட்டிவிட்டு, டின்னை வெந்நீர் ஊற்றிக் கழுவி வெயிலில் கவிழ்த்தேன். சின்னத்தை மாவோடு கொடுத்துவிட்ட உரித்த நிலக்கடலை ஒரு கிலோ இருந்தது. அதைச் சுளகில் கொட்டிப் புடைத்து, சூம்பியது, கறுத்தது எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்து, சுத்தமாக ஒரு பையில் கட்டி வைத்தேன்.

வியாழக்கிழமை காலை எட்டு நாற்பதுக்கு பஸ். டவுன் பஸ் என்றால் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. எனக்குக் கிடைத்தது மதுரை வண்டி, பதினைந்து ரூபாய். இடது பக்க ஜன்னலில் உட்காருங்கள், மலை கூடவே வரும். அய்யனார் கோவில் பக்கம் மேகம் இறங்கியிருந்தது. மகிழன் ஜன்னல் கம்பியை நக்காமல் பார்த்துக்கொள்வதிலேயே என் வழி முடிந்தது. ஒன்பது பத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்.

சோதனைக்கூடத்தின் முகவரியைக் காட்டியதும் ஆட்டோக்காரர் கேட்டார்: "பால் டெஸ்ட்டாக்கா?"

"இல்லண்ணே, கடலை."

"கடலையவா? கடிச்சுப் பாத்தாத் தெரியாதாக்கா?" அறுபது ரூபாய் வாங்கிக்கொண்டு சிரித்தபடியே போனார்.

அது ஒரு தனியார் கூடம். மாடியில் மூன்று அறைகள். பால், நெய், மசாலாப் பொடி எல்லாம் சோதிக்கிறார்கள். பகுப்பாய்வு செய்பவர் ஜெபா, என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். பையை வாங்கிப் பிரித்தார், ஒரு பிடி அள்ளி விரித்துப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

"பொறுக்கிட்டுக் கொண்டாந்தீங்களா?"

பெருமையாகத்தான் தலையாட்டினேன். வெளியாளுக்குக் கொடுக்கிற பொருளைச் சொத்தையோடா கொடுப்பது?

"எல்லாரும் இப்படித்தாங்க செய்றாங்க. பொண்ணு பாக்க வர்ற மாதிரி சீவிச் சிங்காரிச்சுக் கொண்டு வர்றது" என்றார். "கெட்டதை அம்புட்டையும் எடுத்துட்டு மிச்சத்தைக் குடுத்தா, மெஷின் நல்ல பேர்தான் எழுதும். அதை வச்சு என்ன செய்யப் போறீங்க? பிள்ளை தின்ன மாவு எங்க?"

கொட்டிவிட்டதைச் சொன்னேன். டின்னையும் கழுவிவிட்டதைச் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. மகிழனுக்கு ஒரு வெறும் பிளாஸ்டிக் மூடியை விளையாடக் கொடுத்தார். "பூசணம் எல்லாக் கடலையிலயும் ஒண்ணுபோல இருக்காது. நூறு நல்லா இருக்கும், ஒண்ணுல மொத்தமும் இருக்கும். அதனால சாக்குல மேல, நடுவுல, அடியில கையை விட்டு எடுத்துக் கலந்து கொண்டாங்க. அதே அரவை மாவு மிச்சம் இருந்தா அதுவும் வேணும். மூணு மணிக்குள்ள வந்தீங்கன்னா இன்னைக்கே ஓட்டிப் பாத்துரலாம், மெஷின் சும்மாதான் இருக்கு."

அதே அரவை மாவு இருக்கிற ஒரே இடம் மகாராஜபுரம். பத்து இருபதுக்கு வத்திராயிருப்பு பஸ் கிடைத்தது. கிருஷ்ணன்கோவில் வழியாக இருபது கிலோமீட்டர், ஐம்பது நிமிடம். அங்கிருந்து ஆட்டோ, நூறு ரூபாய். வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை, சின்னத்தையிடம் என்ன சொல்லி மாவைக் கேட்பது என்று. அவருக்குக் குழந்தைகள் இல்லை. மகிழன் பிறந்ததிலிருந்து மாதம் தவறாமல் மாவு அனுப்புகிறார்.

பதினொன்றரைக்குப் போய் இறங்கினோம். "ஏட்டி, சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்கே! ஏலே மகிழா, வாலே எந்தங்கம்!" என்று பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டார். தோசை ஊற்றினார். எனக்குத் தேங்காய்ச் சட்னி. அவர் தட்டில் கடலைச் சட்னி, கொஞ்சம் கறுப்பாக.

"எனக்கும் அதையே வைங்க சின்னத்தை."

"இது உனக்குச் சரிவராதுட்டி, கசக்கும். நீ பேசாமத் தின்னு."

சாப்பிட்ட பிறகு மெதுவாக ஆரம்பித்தேன். டாக்டர் கேட்டார், சும்மா ஒரு சோதனை, கொஞ்சம் மாவு, கொஞ்சம் கடலை. சின்னத்தை கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார்.

"நான் அரைச்ச மாவையா?"

"எல்லாத்தையுந்தான் சோதிக்கச் சொல்லியிருக்காங்க..."

"பொய் சொல்லாதட்டி. அன்னைக்கு சாக்கை அவுக்கும்போதே உம்மூஞ்சி போன போக்கைப் பாத்தேன். நான் என்ன, பிள்ளைக்கு விசத்தையா வைப்பேன்? கண்ணு நோவ ஒவ்வொரு பருப்பாப் பாத்துல்ல போட்டேன்!"

நான் அழுதேன். அவர் அழவில்லை. எழுந்து போய் மாவுப் பாத்திரத்தைக் கொண்டுவந்து என் முன்னால் டங்கென்று வைத்தார். சாக்கை அவரே அவிழ்த்தார். முழங்கை வரை கையை விட்டு, மேலும் நடுவும் அடியும் எடுத்துக் கலந்தேன். அடுப்பு மேடையில் ஒரு டப்பாவில் அவர் பொறுக்கி ஒதுக்கிய சொத்தைக் கடலை இருந்தது. அதிலும் அரைக் கிலோ அள்ளிக்கொண்டேன்.

"அந்தக் கழிசல் எதுக்கு? என் மானத்தை வாங்கவா?"

"ஒப்பிட்டுப் பாக்கத்தான் சின்னத்தை."

"என்னமோ செய்யி" என்று பிள்ளையை என் இடுப்பில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். வாசல் வரை வரவில்லை. அதற்கு முன்னால் ஒருநாளும் அப்படி இருந்ததில்லை.

இரண்டு நாற்பதுக்கு மறுபடி சோதனைக்கூடம். ஒரு சாம்பிளுக்கு இரண்டாயிரத்து இருநூறு ரூபாய். மாவு, சாக்குக் கடலை, கழிசல், மூன்றும் கொடுத்தேன். எழுத்து அறிக்கை வர மூன்று நாள் ஆகும். ஆனால் அன்று திரையைப் பார்க்க ஜெபா என்னை உள்ளே விட்டார்.

கல்லூரியில் நாங்கள் செய்த குரோமட்டோகிராபி என்பது சாக்பீஸில் கறுப்பு மை வைத்துத் தண்ணீரில் நிறுத்துவது. தண்ணீர் ஏற ஏற கறுப்புக்குள் இருந்து நீலமும் சிவப்பும் தனித்தனியாகப் பிரியும். இங்கேயும் சங்கதி அதுதான், கருவிதான் வேறு. கடலையை அரைத்து, மெத்தனால் கலந்த நீரில் கரைத்து வடிகட்டினார். வடிகட்டியதை ஒரு சின்னக் குழல் வழியாகச் சொட்டுச் சொட்டாக விட்டார். அந்தக் குழல் அஃப்ளடாக்சினை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு மற்றதைப் போகவிடும். பிடித்ததைக் கழுவி எடுத்துக் கருவியில் செலுத்தினார். பம்பு அதை ஒரு விரல் நீள எஃகுக் குழாய்க்குள் தள்ளுகிறது. உள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் இறுக்கி அடைத்திருக்கும். துகளோடு ஒட்டி ஒட்டி வருகிற பொருள் பிந்தும், ஒட்டாதது முந்தும். வெளியே வருமிடத்தில் புற ஊதா விளக்கு. அஃப்ளடாக்சின் அந்த வெளிச்சத்தில் ஒளிரும். எவ்வளவு ஒளிர்கிறதோ அவ்வளவு உயரத்துக்குத் திரையில் ஒரு மேடு எழும்.

"நான் வேலைக்குச் சேந்த புதுசுல கண்ணாடித் தகட்டுல பொட்டு வச்சு, விளக்கடியில பாத்து, எம்புட்டு நீலமா இருக்குன்னு கண்ணாலதான் அளப்போம்" என்றார் ஜெபா. "பொறவு இந்த மாதிரி மெஷின் வந்துச்சு, ஆனா ஒரு ஓட்டத்துக்கு அரை மணி நேரம். இப்ப துகளை இன்னும் நைசாக்கி, அழுத்தத்தைக் கூட்டிட்டாங்க. அஞ்சாறு நிமிசத்துல முடிஞ்சுரும்."

முதலில் மாவு. ஆறு நிமிடம். மகிழன் என் தோளைக் கடித்துக்கொண்டிருந்தான். திரையில் கோடு நகர்ந்தது. மேடு வரவேண்டிய நேரத்தை ஜெபா விரலால் காட்டினார். கோடு அந்த இடத்தைக் கடந்தது. சமமாகவே கடந்தது.

"ஒண்ணுமில்ல. கருவி காணுற அளவுக்குக் கீழ."

இரண்டாவது, சாக்குக் கடலை. மேடு எழுந்தது, அனுமதித்த அளவைத் தாண்டி. மூன்றாவது, கழிசல். அந்த மேடு திரையின் மேல் விளிம்பில் இடித்து நின்றது. ஜெபா கரைசலை நீர்த்து மறுபடி ஓட்டினார், அப்போதும் உயரம்தான்.

"யாருங்க பொறுக்குனது?" என்று கேட்டார். "இம்புட்டு கெட்டுப்போன சாக்குல இருந்து இந்த மாவு வந்துருக்குன்னா, அந்தக் கையைச் சும்மா சொல்லக்கூடாது. எல்லாராலயும் கண்ணால பாத்து இப்படி எடுத்துற முடியாது."

 மகிழனை முத்தமிட்டுக்கொண்டே இருந்தேன். ஜெபா அறிக்கைப் படிவத்தை நிரப்பியபடி சாதாரணமாகக் கேட்டார்: "இந்தக் கழிசலை என்ன செய்வாங்க? மாட்டுக்குப் போட்டா பால்ல வந்துரும், பாத்துக்கங்க."

"அவங்க வீட்ல மாடு இல்லங்க" என்று சொல்லும்போதுதான் அந்தக் கறுப்புச் சட்னி நினைவுக்கு வந்தது.

ஐந்து மணிக்குப் பேருந்து நிலையத்தில் நின்று போன் போட்டேன். நான் பேசுவதற்கு முன்னால் அவரே கேட்டார்: "பிள்ளைக்கு ஒண்ணுமில்லல்ல?"

"மாவு சுத்தம் சின்னத்தை. கொஞ்சம்கூட இல்ல. உங்க கை..." மகிழனை அடுத்த இடுப்புக்கு மாற்றினேன். "சின்னத்தை, அந்தக் கழிசல நீங்களா திங்கீங்க?"

"பொறவு? நல்லதைப் பிள்ளைக்கு எடுத்தா மிச்சத்தை யாரு திம்பா? விளைஞ்சதைத் தூரப்போட மனசு வருமா?"

"எத்தனை நாளா?"

"அதெல்லாம் யாரு எண்ணுனா? பஸ்ஸு வருது பாரு, பிள்ளையைத் தூக்கு."

மகிழனுக்கு இரும்புச்சத்துக் குறைவு என்று இரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. மருந்து கொடுக்கிறோம், நூற்றைம்பது கிராம் ஏறியிருக்கிறான். சின்னத்தையை வம்படியாக ராஜபாளையம் கூட்டிவந்து கல்லீரல் பரிசோதனை செய்தோம். இப்போதைக்கு எல்லாம் சரியாக இருக்கிறது, ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்றார் மருத்துவர். அந்தத் தேதியை நாள்காட்டியில் வட்டமிட்டு வைத்திருக்கிறேன்.

போக நினைப்பவர்களுக்கு: சோதனைக்கூடம் திறக்க ஒன்பதரை ஆகும், முதல்நாளே போன் செய்துவிட்டுப் போங்கள். சாம்பிள் அரைக் கிலோவாவது வேண்டும், உலர்ந்த பையில் கட்டுங்கள். குழந்தைக்கு மாற்றுத்துணி இரண்டு செட் வையுங்கள், மாடியில் குழாய்த் தண்ணீர் உண்டு. சந்தேகப்பட்ட மாவைக் கொடுப்பதை நிறுத்துங்கள், ஆனால் கொட்டாதீர்கள். முக்கியமாக, பொறுக்காமல் கொண்டு போங்கள். உங்கள் வீட்டில் யாராவது உட்கார்ந்து பொறுக்குகிறவராக இருந்தால், ஒதுக்கியது யார் தட்டுக்குப் போகிறது என்று சோதனைக்கு முன்னால் கேட்டுவிடுங்கள். நான் கடைசியில்தான் கேட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சின்னத்தை வந்திருந்தார். புதிதாக வாங்கிய கடலையில் அரைத்த மாவை மேசையில் வைத்தார். பிறகு கூடைக்குள் கையை விட்டு ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். பழைய சாக்கின் கழிசல், இரண்டு கிலோ இருக்கும்.

"இந்தா, நீயே புதைச்சிரு" என்றார். "எனக்குக் கை வரமாட்டேங்கு."

மகிழனை அவரிடம் கொடுத்துவிட்டுக் கொல்லையில் குழி தோண்டினேன். மண்ணைத் தள்ளி மூடும் வரை அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.