பவானேஸ்வரி ஆய்வுமுறை கண்ட வரலாறு

சமூகவியலார் தலைப்பைத் தேர்ந்தெடுக்கும் விதம் மிகவும் புனிதமானது. அலோர் காஜா ஊரைச் சேர்ந்த பவானேஸ்வரியும் அதில் குறை வைக்கவில்லை. ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டங்களை ஆராயலாம் என்று முதலில் நினைத்தாள். அவளுடைய பழைய கஞ்சில் ரகச் சின்னக் காருக்கு அந்த மண்சாலை ஒத்துவரவில்லை. அடுத்து அவள் கொண்டுபோன தலைப்பை, அவளுடைய ஆய்வு மேற்பார்வையாளர் டாக்டர் சகீனா, "இது நான் படிக்கிறப்பவே பழசு லா" என்று தள்ளிவிட்டார். புக்கிட் ரம்பாயில், தாமான் எனப்படும் வரிசைவீட்டுக் குடியிருப்பில் சித்தி வீடு இருந்தது. சித்தி மதியத்தில் மீன்குழம்பு வைப்பாள். ஆகவே, 'தோட்டத்திலிருந்து தாமான் வீடுகளுக்கு வந்த குடும்பங்களில் முடிவெடுப்பவர் யார்?' என்ற தலைப்பு முழுக்க முழுக்க அறிவியல் முறைப்படி பிறந்தது.

வெள்ளிக்கிழமை ஆய்வுக்குழுக் கூட்டத்தில் இந்தத் தலைப்பு தேறாவிட்டால் அவளுடைய முதுகலைப் பதிவு ரத்தாகிவிடும்.

ஆய்வுமுறை, வினாப்பட்டியல். பவானேஸ்வரிக்கு அந்நியரிடம் பேசக் கூச்சம். தாளைப் பார்த்துக் கேட்டால் ஆளைப் பார்க்க வேண்டியதில்லை. துறையில் இதற்குப் புறவயத்தன்மை என்று பெயர்.

சித்தி தன் பங்குக்கு அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருந்தாள்: "எங்க அக்கா மக வருவா. வீட்டு விஷயம் ரெண்டு மூணு கேப்பா. நல்லபடியா சொல்லுங்க."

முதல் வீடு ராஜம்மாவுடையது. வாசல் கழுவிக் கோலம் போட்டிருந்தது. கணவர் பாலகிருஷ்ணன் சட்டைக் கைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு அமர்ந்திருந்தார். ஃபேக்டரியில் வேலை செய்யும் மகன் காந்தன், லீவு போட்டுவிட்டுத் தட்டில் முறுக்கு ஏந்தி வந்தான்.

"ஆன்டி, உங்க வீட்டுல பெரிய செலவெல்லாம் யாரு முடிவு பண்ணுவாங்க?"

"மருமகதாம்மா."

"மருமகள் இருக்காங்களா?"

"இனிமேதான் வரணும். வந்தா அவ வச்சதுதான் சட்டம்."

"சமையல்?"

"எம்மவன் கறி நல்லா பெரட்டுவான்" என்றார் பாலகிருஷ்ணன். காந்தன் அந்தச் செய்தியை அப்போதுதான் கேள்விப்படுபவன் போல அப்பாவைப் பார்த்தான்.

அடுத்த வீட்டுப் பையன் தன் துணியைத் தானே துவைத்தான். அதற்கடுத்த வீட்டில் மாமியாரே வரப்போகும் மருமகளுக்குப் பாலில்லாத தே ஓ ஆற்றிக் கொடுக்கக் காத்திருந்தார். மகன் இல்லாத வீடுகளில் மட்டும், "எங்களுக்கு ரெண்டும் பொண்ணும்மா, நீங்க அங்க போங்க" என்று வழிகாட்டி அனுப்பினார்கள். பெண்ணுரிமை இப்படிக் கொடிகட்டிப் பறக்கும் தாமான் உலகில் வேறெங்கும் இல்லை என்று பவானேஸ்வரிக்குப் புல்லரித்தது. புதிய கோட்பாடு ஒன்றுக்குப் பெயர்கூட யோசித்தாள்.

காரை எடுக்கும்போது ராஜம்மா ஜன்னலோரம் குனிந்தாள். "மறைக்காம சொல்லும்மா. பொண்ணு நீதானா, இல்ல வேற யாருக்கோ மாப்பிள்ளை பாக்க வந்தியா?"

கோட்பாடு அங்கேயே காலமானது.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் இந்த விவரங்களை அப்படியே நீட்டியிருக்கலாம். பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தன. ஆனால் அதற்கு முன்பே டாக்டர் சகீனாவின் மேசைக்கு எதிரே உட்கார்ந்ததும், ராஜம்மா கேட்டதை அவளால் மறைக்க முடியவில்லை. டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தார்.

"கேட்டா எல்லாருமே நல்லவங்கதான் பவானி. தாள மூடி வச்சிட்டுக் கூட இருந்து பாரு. ஒரு குடும்பமாச்சும் வெள்ளிக்கெழமைக்குள்ள சம்மதிக்கணும். நீ யாருன்னு மொதல்ல உண்மையச் சொல்லு."

மறுநாள் பவானேஸ்வரி ராஜம்மா வீட்டுக்குப் போய் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். தாளைப் பார்க்காமல்.

"அப்போ கல்யாணம் இல்லையா?"

"இல்ல ஆன்டி. படிப்புக்குத்தான். உங்க வீட்டுல கொஞ்ச நாள் கூட இருந்து பாக்கணும்."

ராஜம்மா உள்ளே திரும்பி, "டேய் காந்தா, அந்தப் புதுச் சட்டையக் கழட்டு" என்றாள். பவானேஸ்வரியிடம், "அப்போ சரியா எழுதிக்க. அந்த டிவிய இந்த மனுஷன் என்னைக் கேக்காமத்தான் வாங்குனாரு."

"நீதானே பெருசா வேணும்ன?" என்றார் பாலகிருஷ்ணன்.

"பெருசுன்னேன். செவத்துல பாதின்னேனா?"

"ரெண்டு பேரும் என் போனஸ்லதான் வாங்குனீங்க" என்று அறைக்குள்ளிருந்து காந்தன் குரல் வந்தது.

பவானேஸ்வரிக்கு எழுதத் தோன்றவில்லை. யார் பக்கம் பார்ப்பது என்றே தெரியவில்லை; மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சண்டை ஓய்ந்தபோது சம்மதம் கேட்டாள்.

"தாராளமா வா" என்றாள் ராஜம்மா. "ஆனா நீ எங்களப் பாத்தா நானும் உன்னப் பாப்பேன். நீ கேட்டா நானும் கேப்பேன். சும்மா உக்கார முடியாது, வெங்காயம் உரிக்கணும்."

வெள்ளிக்கிழமை தலைப்பு தேறியது. ஆய்வுமுறை என்ற இடத்தில் 'பங்கேற்புடன் கூடிய உற்றுநோக்கல்' என்று எழுதப்பட்டிருந்தது. குழுவினர் அதன் ஆழத்தை மெச்சினார்கள். திங்கள் காலை பவானேஸ்வரி ராஜம்மா வீட்டுச் சமையலறையில் கத்தியும் கண்ணீருமாகப் பங்கேற்றுக்கொண்டிருந்தாள்.

"இப்ப சொல்லு" என்றாள் ராஜம்மா, "உங்க வீட்டுல யாரு முடிவெடுக்கிறது?"

"அம்மாதான். அப்பாகிட்ட சொல்லிடாதீங்க ஆன்டி."