மானுக்குச் சொன்ன முகவரி

நியூயார்க் மாநிலத்து டன்கர்க் ஊர் நூலகத்தில் பிப்ரவரி தொடங்கி வியாழன்தோறும் இலவசமாக வரிப் படிவம் நிரப்பித் தருகிறோம். பள்ளிச் சமையலறையில் வேலை செய்யும் வெர்னா நொவிக்கிதான் எப்போதும் முதல் ஆள். அவள் கணவன் ரஸ்ஸல் மூன்று வருடத்துக்கு முன் ஐம்பது மைல் தள்ளி, மாநில எல்லைக்கு அப்பால், பென்சில்வேனியாவின் ஈரி நகரத்து இரும்பு வார்ப்பாலைக்கு வேலைக்குப் போனான். அங்கேயே அறை எடுத்துத் தங்கிவிட்டான்.

கணவன் மனைவியில் ஒருவர் இங்கே, ஒருவர் அங்கே என்றால் நியூயார்க்கில் தனித்தனிப் படிவம். சேர்த்தும் போடலாம், ஆனால் இருவருமே இங்கே குடியிருப்பவர்கள் என்று கணக்காகும், அவன் சம்பளத்துக்கும் இங்கே வரி வரும். வெர்னா மூன்று முறையும் சேர்த்தே போட்டாள். கூடுதல் வரியை அவளே கட்டினாள். "வேலைக்குத்தானே போயிருக்கான், வந்துருவான்" என்பாள். அதை நான் அன்பு என்று நினைக்கவில்லை. பிடிவாதம் என்றே நினைத்தேன்.

ஒருவர் எங்கே திரும்பி வர எண்ணுகிறாரோ அதுவே அவர் வீடு என்கிறது சட்டம். இந்த வருடம் கேட்டுவிட்டேன். "அவர் எண்ணம் என்னன்னு அவர்கிட்டயே கேளுங்களேன், வெர்னா."

ஃபோனை மேசையில் வைத்து, எனக்கும் கேட்கும்படி அழைத்தாள்.

"ரஸ், உன் வீடு எதுன்னு இங்க கேக்குறாங்க."

"யாரு, நீயா கவர்மெண்டா?"

"ரெண்டு பேரும்தான்னு வச்சுக்கோ."

"வழக்கம்போலவே போட்டுடு, வெர்ன்."

"டிரைவிங் லைசென்ஸ், வேட்டை லைசென்ஸ் எல்லாம் எந்த மாநிலம்?" என்று நான் குறுக்கிட்டேன்.

"வேட்டைக்கு இங்க பென்சில்வேனியாலதான் வாங்கினேன். உள்ளூர்க்காரனுக்கு இருபது டாலர் சொச்சம், வெளியூர்க்காரனுக்கு நூறு. எவன் குடுப்பான்?"

வெர்னா ஃபோனின் பக்கம் குனிந்தாள். "உள்ளூர்க்காரன்னு கையெழுத்துப் போட்டியா?"

"போட்டாத்தானே தருவான்."

"எப்ப?"

"போன வருஷமே."

"முதல் தடவை எந்த வருஷம்?"

"...நான் இங்க வந்த வருஷம்."

"மூணு வருஷமா நீ கொண்டுவந்த மான்கறிய நான்தான் ஆக்கிப் போட்டேன், ரஸ். மானுக்குச் சொன்னத எங்கிட்ட சொல்லலியே."

"கறி நல்லாத்தானே இருந்துச்சு?"

அவள் அழைப்பைத் துண்டித்தாள். கையுறையைக் கழற்றுவதும் போடுவதுமாகக் கொஞ்ச நேரம் இருந்தாள்.

"தனியாப் போடுங்க."

தனிப் படிவத்தைத் திறந்தேன். அதிலும் ஒரு கட்டம் இருந்தது.

"இதுலயும் அவர் பேரும் சமூகப் பாதுகாப்பு எண்ணும் கேக்கும், வெர்னா."

"தனியாப் போட்டாலுமா?"

"கல்யாணம் ஆனவங்கதானே நீங்க."

அவன் எண்ணின் ஒன்பது இலக்கத்தையும் எதையும் பார்க்காமல், மூச்சு விடாமல் சொன்னாள். பிறகு தன்னுடைய எண்ணுக்காகக் கைப்பையைத் திறந்து அட்டையைத் தேடினாள்.