எங்கள் நாய்க்கு ஆகாத சோறு

எங்கள் நாய் ஒருநாள் முற்றத்தில் நின்று கும்பிடத் தொடங்கியது. முன்னங்கால்களை நீட்டி, நெஞ்சை நிலத்தில் பதித்து, பின்பக்கத்தை மட்டும் உயர்த்திக்கொண்டு அசையாமல் நின்றது. கண் இமைக்கவில்லை. என் கணவர் சிரித்தார். "கோயிலடியில பிறந்திருக்கவேண்டிய நாய்" என்றார். கொஞ்ச நேரத்தில் அது மஞ்சள் மஞ்சளாகச் சத்தியெடுத்தது.

மிருக வைத்தியர் வயிற்றை அமுக்கியதும் முனகியது. இரத்தம் சோதித்து, ஸ்கேனும் எடுத்த பிறகு சொன்னார்: "இது கும்பிடேல்லை. நோவு தாங்கேலாமல்தான் இப்பிடி நிக்குது. சதையியில அழற்சி. மாறிப்போற வருத்தமில்லை, வந்து வந்து போகும்."

இரைப்பைக்குப் பக்கத்தில் இருந்து, கொழுப்பைச் செரிக்க நீர் சுரக்கிற உறுப்புதான் சதையி. பழுதாகிவிட்டால் அந்த நீர் உணவை விட்டுவிட்டு உறுப்பையே செரிக்கத் தொடங்குமாம். வீட்டுக்கு வந்தபின்னும் அந்தச் சொல்லை என்னால் மறக்க முடியவில்லை. தன்னைத் தானே தின்கிற ஒன்றை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு அது என் காலடியில் படுத்திருந்தது.

மருந்தைவிடச் சாப்பாடுதான் முக்கியம் என்றிருந்தார் வைத்தியர். எண்ணெய், தேங்காய்ப்பால், பொரியல் எதுவும் வாயில் படக்கூடாது. தோலுரித்த கோழியின் நெஞ்சிறைச்சி, குழைய அவித்த சோறு, கொஞ்சம் பூசணிக்காய். அதையும் ஒரேயடியாகக் கொடுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுக்கவேண்டும். ஓர்ஸ் ஹில்லில் எங்கள் வீட்டிலிருந்து என் அலுவலகம் நடக்கிற தூரம்தான். மத்தியானமும் ஓடிவந்து ஒரு பிடி வைத்துவிட்டுப் போவேன். நாங்களும் வீட்டில் பொரிப்பதை விட்டோம். அந்த வாசத்துக்கு அது குசினி வாசலில் நின்று வீணி வடிப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

நாய் தேறியது. ஆனால் கிழமைக்கொருமுறை, ஞாயிறு விடிந்தால், மறுபடியும் அந்தக் கும்பிடு.

"நேற்று என்ன குடுத்தனீர்?" என்று கணவர் கேட்டார்.

"அவிச்ச கோழிதான் குடுத்தனான். நீங்கள் ஏதும் குடுத்தனீங்களோ?"

"நான் சீனன்குடாவில வேலை முடிஞ்சு வரவே பொழுதுபட்டிட்டுது. நான் எப்ப குடுக்கிறது?"

ஒருவரை ஒருவர் சந்தேகிக்கத் தொடங்கினோம். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அது கக்கியதைக் கழுவப் போனபோது என் கை நின்றுவிட்டது. பொரித்த மீன் துண்டு. கறிவேப்பிலை. குனிந்து நாயின் வாயை முகர்ந்தேன். சாராய வாசம்.

எங்கள் வீட்டில் மீன் பொரித்தே கனகாலம். கணவர் குடிப்பதில்லை. பின்வீட்டு ஐயா குடிப்பவர்தான். அவர் செத்துப்போய் மாதக்கணக்காகிவிட்டது.

அவர் இருந்த காலத்தில், எங்கள் பின்மதில் இடிந்த இடத்தால் நாய் அங்கே போய் அவர் கதிரைக்குக் கீழே படுத்திருக்கும். அவர் போனபின் அந்த வீட்டில் அவருடைய மனைவி மட்டும்தான். என்னைவிட மூத்தவர். அக்கா என்று கூப்பிடுவேன். செத்த வீட்டுக்குப் பிறகு அவர் அதிகம் வெளியே வருவதில்லை.

அடுத்த சனிக்கிழமை, காய்ந்த உடுப்பு எடுக்கிற சாட்டில் பின்வளவில் நின்றேன். மம்மல் பொழுது. கீழே துறைமுகத் தண்ணீர் கறுத்துக்கொண்டு வந்தது. படுத்திருந்த நாய் சட்டென்று எழும்பியது. யாரோ கூப்பிட்டதுபோலக் காதை மடித்து, வாலை ஆட்டிக்கொண்டு மதிலைப் பார்த்தது. எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. அது இடிந்த இடத்தால் நுழைந்து போனது. நானும் பின்னால் போனேன்.

அக்காவின் குசினிக் கதவுக்கு வெளியே ஒரு விளக்கு எரிந்தது. அதன் முன்னால் வாழையிலையில் சோறு, பொரித்த மீன், ஆட்டிறைச்சிக் கறி. பக்கத்தில் ஒரு கிளாஸ். சோற்றின் மேலும் சாராயம் தெளித்திருந்தது. செத்தவருக்குப் படைத்துவிட்டு, அவர் வந்து சாப்பிடட்டும் என்று அக்கா கதவைச் சாத்தியிருந்தார். நாய் தலையைக் குனிந்து தின்னத் தொடங்கியது.

சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"ஆறுதலாச் சாப்பிடுங்கோ. இண்டைக்கு ஒருத்தரும் தடுக்கமாட்டினம்."

நாய் சப்புக்கொட்டி மென்றது.

"உப்புக் காணுமோ?"

நாய் இலையை நக்கியது. உள்ளே அக்கா "ம்" என்றார், பதில் கிடைத்துவிட்ட மாதிரி.

ஓடிப்போய் நாயின் கழுத்துப்பட்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டு மதிலுக்கு இந்தப்பக்கம் வந்தேன். அங்கே கதவு திறந்தது. பிறகு அக்கா மெல்லக் கேட்டார்:

"என்ன, பாதியில எழும்பிட்டீங்கள்?"

மறுநாள் நாய்க்குச் சேலைன் ஏற்றவேண்டி வந்தது. வைத்தியரிடமிருந்து திரும்பியதும் அக்காவிடம் போனேன். சொல்லாமல் விட்டால் நாய் செத்துவிடும். சொன்னால் அவருக்கு என்ன ஆகும் என்று தெரியவில்லை. வாசல்படியில் நின்றபடியே சொல்லிவிட்டேன்.

அவர் அழவில்லை. "எப்ப இருந்து?" என்று மட்டும் கேட்டார்.

"தெரியாது அக்கா. கன நாளா இருக்கவேணும்."

"மெல்லுற சத்தம் கேட்டது, பிள்ளை. அவரும் அப்பிடித்தான், சத்தம் போட்டுத்தான் சாப்பிடுவார்." சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார். "கடைசிக் காலத்தில எண்ணெய் தொடக்கூடாதெண்டு டொக்டர் சொன்னவர். அவிச்சு அவிச்சே குடுத்தனான். சாகேக்க பொரிச்ச மீன் ஒரு துண்டு கேட்டவர். நான் குடுக்கேல்லை."

"அவருக்கு என்ன வருத்தம் அக்கா?"

அவர் தன் மேல்வயிற்றில் கையை வைத்தார். "சதையி எண்டவை. உங்கட நாய்க்கு என்ன?"

நான் அவர் கை வைத்திருந்த இடத்தையே பார்த்தேன். அதுவே அவருக்குப் போதுமாக இருந்தது. தலையை ஆட்டினார்.

அந்தக் கிழமையே கணவர் மதில் இடிந்த இடத்தைத் தகரம் வைத்து அடைத்தார். சனிக்கிழமைகளில் நாயை அறைக்குள் விட்டுப் பூட்டினேன். அது கதவைப் பிறாண்டும். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். ஞாயிறு விடிந்தால் கும்பிடு இல்லை, சத்தியும் இல்லை.

ஒருநாள் அக்கா தகரத்துக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"நாய் நேற்று இஞ்சாலை வந்ததோ?"

"இல்லை அக்கா. அறையிக்கைதான் கிடந்தது. ஏன்?"

"இலையில ஒண்டுமில்லை. கிளாசும் காலி."

என் முகம் மாறியதை அவர் கண்டிருக்கவேண்டும்.

"பூனையாத்தான் இருக்கும், பிள்ளை" என்றார், என்னைத் தேற்றுகிற குரலில். "நீங்கள் பயப்பிடாதையுங்கோ."

ஐயாவின் ஒரு வருட ஆட்டைத் திவசம் முடிந்ததும் அக்கா கட்டைபறிச்சானில் இருக்கிற தங்கையோடு போய் இருக்க முடிவெடுத்தார். போகிற அன்று ஒரு அலுமினியச் சட்டியைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். தன் கணவருக்கு அவிப்பதற்கென்றே வாங்கியதாம், ஒருநாளும் எண்ணெய் பட்டதில்லையாம். கோழி அவித்த தண்ணீரைக் குளிர்ப்பெட்டியில் வைத்து, மேலே வெள்ளையாய் உறைகிற கொழுப்பை வழித்தெறிந்துவிட்டுச் சோற்றில் விடச் சொன்னார். நான் அதுவரை அப்படிச் செய்ததில்லை.

வாங்க எனக்குக் கை கூசியது. வேண்டாம் என்று சொல்லவும் ஏலவில்லை. கொஞ்ச நாள் அதைக் குசினி மூலையில் கவிழ்த்து வைத்திருந்தேன். பிறகு ஒருநாள் எங்கள் சட்டி ஓட்டையாகிவிட, அதை எடுத்து அடுப்பில் வைத்தேன். இப்போது நாயின் கோழி அதில்தான் அவிகிறது.