ரெசின் போர்த்திய தீராந்தி

என் தொழில் பைபர் போட் திருத்துவது. கண்டக்குழிக் கரையில் ஓட்டை விழுந்த போட் எதுவென்றாலும் என்னிடம்தான் வரும். மெட் என்கிற கண்ணாடிநார் விரிப்பை வெட்டி வைத்து, ரெசின் பசையைக் கலந்து பூசி, காய்ந்ததும் தேய்த்து விட்டால் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வராது. போட்டின் பின்பக்கம், எஞ்சின் மாட்டும் இடத்தில் மட்டும் உள்ளே மரப்பலகை இருக்கும். அதையும் சுற்றிப் போர்த்திவிடுவேன். என் மருமகன் கடலுக்குப் போகும் போட்டின் பின்பலகையும் நான் போர்த்தியதுதான். இதையெல்லாம் சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெரிய திமிர் இருந்தது.

மகளுக்குக் கல்யாணம் முடிந்து மருமகன் எங்கள் வீட்டோடு வந்தபோது முன்னறையை அவர்களுக்குக் கொடுத்தோம். அந்த அறையில் சுவருக்குச் சுவர் குறுக்கே ஒரு தீராந்தி போகிறது. ஓட்டுக்கூரையின் பாரம் முழுக்க அந்த மரத்தில்தான். போன மாரி தொடங்குவதற்குச் சற்று முன்னர், மரம் சுவருக்குள் நுழையும் முனை கறுத்து வெடித்திருப்பதை என் மனைவி கண்டாள். நகத்தால் கீறியதும் தூள் கொட்டியது.

"இஞ்ச வந்து பாருங்க. இது கறையான் மாதிரி இல்ல. மண்ணும் இல்ல, புத்தும் இல்ல. ஈரமா இருக்கு. ஓடாவியக் கூப்பிட்டுக் காட்டுங்களேன்" என்றாள்.

அவள் சொன்ன ஓடாவி வண்ணாத்திவில்லில் இருக்கிறார். மரவேலையில் கெட்டிக்காரர். என் வீட்டு வேலைக்கு இன்னொருவரா என்று எனக்கு ரோசம் வந்துவிட்டது. "கடலையே உள்ள விடாம அடைக்கிறவன் நான். இதுக்குப் போய் ஓடாவியா?" என்று ஏணியை வைத்து ஏறினேன். கறுத்ததை மேலாகச் சுரண்டிவிட்டு, முனையிலிருந்து இரண்டு முழத்துக்கு மெட்டைச் சுற்றி மூன்று பூச்சு ரெசின் அடித்தேன். மரம் காய்ந்திருக்கிறதா என்று பார்க்கவில்லை. ஈரம் எங்கிருந்து வந்தது என்றும் யோசிக்கவில்லை. மறுநாள் தட்டிப் பார்த்தேன். கல் மாதிரிக் கேட்டது. "இனி ஒன்ட பேரப்பிள்ளைக்கும் தாங்கும்" என்று கீழே நின்ற மகளிடம் சொன்னேன். அவளுக்கு அப்போது ஏழு மாதம்.

மழை பிடித்தது. பேரன் பிறந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து தாயையும் பிள்ளையையும் அந்த அறைக்குத்தான் கொண்டுவந்தோம். எங்கள் பக்கத்தில் நாற்பது நாளைக்குப் பிள்ளை பெற்றவளைக் காற்றுப் பட விடமாட்டார்கள். யன்னல்கள் மூடியபடியே கிடந்தன. இலை குழை போட்டு அவித்த தண்ணீரில்தான் குளிப்பு. அந்த ஆவியும் அறைக்குள்ளேயே சுற்றியது. பின்னேரமானால் சாம்பிராணிப் புகை. சுவர்கள் வியர்த்துக்கொண்டிருந்தன. அத்தனையும் அந்த மரத்துக்குள் இருந்ததற்குத் தீனி என்று யாருக்குத் தெரியும்?

"சாம்பிராணி அணைஞ்ச உடனே இன்னொரு மணம் வருது. நனஞ்ச சாக்க மடிச்சு வெச்ச மாதிரி" என்று மனைவி சொல்லத் தொடங்கினாள்.

"என்ட வேலை எண்டா ஒனக்கு எப்பவும் ஏதாவது மணக்கும்" என்று எரிந்து விழுந்தேன்.

அதற்குப் பிறகு அவள் என்னிடம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும், கொசு கடிக்காமல் பிள்ளைக்கு மேலே கட்டியிருந்த நுளம்புவலையைக் கழற்றி உதறினாள். நானும் ஒருநாள் பார்த்தேன். வலையின் மேல் துருப்பிடித்த நிறத்தில் மெல்லிய தூள் படிந்திருந்தது. ஓட்டுத் தூள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு துடைத்தேன். இரண்டு நாளில் மறுபடியும் இருந்தது. அப்போதே எனக்குள் ஏதோ இடித்தது. ஆனாலும் ஏணியை எடுக்க மனம் வரவில்லை. ஏறிப் பார்த்தால் நான் தோற்றுவிடுவேன் என்று பயந்தேன் என்பதுதான் உண்மை.

இருபத்தாறாம் நாள் காலை, என் ரெசின் முடிந்து சுவர் தொடங்கும் இடுக்கில் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. காது மாதிரி மடிப்பு மடிப்பாக, ஓரம் மஞ்சளாக. காளான். வலையில் படிந்த அதே துருநிறத் தூள் அதன் மேலும் இருந்தது. மனைவி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. போனை எடுத்து ஓடாவியை வரச் சொன்னாள்.

அவர் பகலே வந்துவிட்டார். முதலில் ரெசினைத் தட்டிப் பார்த்து, "நல்லாத்தான் போர்த்திருக்கீங்க நானா" என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னார். பிறகு வெளியே போய்க் கூரையைப் பார்த்தார். தீராந்தி முனைக்கு நேர் மேலே ஓர் ஓடு வெடித்து, மழைத் தண்ணீர் சுவருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. திரும்ப வந்து ஏணியில் ஏறி, ரெசினின் அடிப்பக்கம் ஸ்குரூட்ரைவரை வைத்து ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். அது பிடி வரைக்கும் உள்ளே போனது. பிறகு அதை மெதுவாக, மிக மெதுவாக வெளியே எடுத்தார்.

"தாயையும் புள்ளையையும் வெளிய கொண்டுபோங்க. இப்பவே" என்றார். குரல் தாழ்ந்திருந்தது.

நாற்பது முடியவில்லையே என்று மனைவி ஒரு கணமும் யோசிக்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மழைச்சாரலில் நடந்தாள். மகள் பின்னால் சுவரைப் பிடித்துப் பிடித்துப் போனாள்.

கூரைக்கு முட்டுக் கொடுத்துவிட்டு ரெசினை அறுத்தோம். உள்ளே மரம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. எரிந்துபோனது மாதிரிக் கபிலக் கட்டிகள், நடுவில் பஞ்சு மாதிரி வெள்ளைப் பூஞ்சணம். கையில் எடுத்ததும் நொறுங்கியது. இத்தனை நாளும் கூரை என் ரெசின் தோலின் மேல் நின்றிருக்கிறது.

"தண்ணி இருக்கிற வரைக்கும் இது வளரும் நானா. முதல்ல தண்ணிய நிப்பாட்டணும். காய விடணும். பிறகு நல்ல மரம் வரும் வரைக்கும் வெட்டி எறியணும். நீங்க தண்ணியையும் உள்ள வெச்சு மூடிட்டீங்க" என்றார் ஓடாவி. நான் குனிந்தே நின்றதைப் பார்த்து, ஆறுதலுக்காக இன்னொன்றும் சொன்னார்: "கடல் தண்ணி எண்டா இவ்வளவு மோசமில்ல. உப்பு பூஞ்சணத்த லேசில வளர விடாது. மழைத் தண்ணிதான் மரத்த உக்க வெக்கிற."

அன்று பின்னேரம் வீட்டின் நடுக்கூடத்தில் பாய் விரித்து மகள் படுத்திருந்தாள். அருகே கதிரையில் உட்கார்ந்து, "என்னை மன்னிச்சுக்க மகள்" என்றேன்.

"நான் பயப்படவே இல்ல வாப்பா. உம்மா மணக்குது எண்டு சொல்லக்குள்ள எல்லாம், வாப்பா போர்த்தினதுதானே எண்டு நிம்மதியாப் படுத்திருந்தேன். அவரும் கடலுக்குப் போகக்குள்ள அதத்தான் சொல்லுவார்" என்றாள்.

அப்போதுதான் போட்டின் பின்பலகை என் ஞாபகத்துக்கு வந்தது. மருமகன் அன்று விடியவே கடலுக்குப் போயிருந்தார். கடல் கொந்தளிக்கும் மாதங்கள் முழுக்க அந்தப் போட் கரையில் நிமிர்ந்தபடியே கிடந்து நனைந்தது. எஞ்சின் ஆணிகளைக் கழற்றிய துளைகள் பின்பலகையில் திறந்தே கிடந்தன. அவற்றை நான் அடைத்ததும் ஒரு மழைக்குப் பிறகுதான்.

கரையில் போய் நின்றேன். அந்தி சாயும்போது போட் வந்தது. எஞ்சினைக் கழற்றச் சொல்லிவிட்டு, பின்பலகையின் அடியில் டிரில்லால் ஒரு துளை போட்டேன். கபிலத் தண்ணீர் நூலாக ஒழுகியது.

"கடல் தண்ணிதானே மாமா" என்று மருமகன் சிரித்தார்.

ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பே இல்லை.